இணைப்பும் பொறுப்பும்

ஆலுவாயில் புறப்பட்டு எர்ணாகுளம் நகரின் ஊடாகச் செல்லும் கொச்சி மெட்ரோ இரயில், 2024 மார்ச் 6 முதல் திருப்பூணித்துறை வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 28 கிலோமீட்டர் நீளமும் 25 நிலையங்களும் கொண்ட அப்பாதையின் இறுதி நிலையம் அது. முன்னாளில் கொச்சி அரச குடும்பத்தின் இருப்பிடமாக விளங்கிய அந்நகரில் இன்று ஒரு பயணி தம் கைபேசி வழியாகவே பயணச்சீட்டு பெற்று இரயிலேற முடிகிறது. கட்டணம் செலுத்தும் அந்தச் சில நொடிகளில் அவருடைய வங்கி, தொகையைப் பெறும் வங்கி, இவ்விரண்டிற்கும் இடையே கணக்கை நேர்செய்யும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் அமைப்பு, தொலைத்தொடர்பு நிறுவனம், கைபேசிச் செயலியை நடத்தும் நிறுவனம் எனப் பல அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குகின்றன. பயணியின் கண்ணுக்கு இவற்றில் ஒன்றும் தெரிவதில்லை. தெரிய வேண்டிய தேவையும் சாதாரண நாட்களில் எழுவதில்லை.

ஆனால் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்பட்டுப் பயணச்சீட்டு வராமற் போனால், அல்லது அவர் அறியாமலேயே வேறொருவர் அக்கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டால், அவர் யாரிடம் முறையிடுவது? இழப்பை யார் ஏற்பது? 2016இல் தொடங்கப்பெற்ற யூ.பி.ஐ. முறையில் 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடைபெற்றன. இத்துணைப் பெரிய எண்ணிக்கையில் மிகச் சிறிய விழுக்காடு தவறிப்போனாலும், பாதிக்கப்படுவோர் தொகை பெரிதாகவே இருக்கும். இணைப்பு வளர்ந்துள்ள வேகத்தில் பொறுப்பும் வரையறுக்கப்பட்டுள்ளதா என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வியாகும். இக்கேள்விக்குரிய விடையின் பல கூறுகளைக் கொச்சியின் அண்மைக்கால வரலாற்றிலேயே காணலாம்.

மட்டாஞ்சேரி தரும் பாடம்

மட்டாஞ்சேரியின் யூதர் தெரு பல நூற்றாண்டுகளாக நறுமணப் பொருள் வாணிகத்திற்குப் பெயர் பெற்றது. அங்குள்ள மிளகு வணிகர் சங்கத்தின் கூடத்தில், பின்னொரு நாளில் ஒப்படைக்க வேண்டிய மிளகிற்கு முன்கூட்டியே விலை பேசும் முன்பேர வணிகம் பல ஆண்டுகள் வாய்மொழியாகவே நடைபெற்றது. தரகர்கள் ஒரே கூடத்தில் நின்று உரத்த குரலில் விலை கூறுவர். கூறியவர் யார், ஏற்றவர் யார் என்பதை அனைவரும் அறிவர். வழக்கு எழுந்தால் சங்கமே தீர்த்து வைக்கும். சொல் தவறியவர் மறுநாள் அக்கூடத்தில் முகம் காட்ட முடியாது என்பதே பெரும் பாதுகாப்பாக இருந்தது.

2000ஆம் ஆண்டிற்குப் பின் நாடளாவிய மின்னணுச் சந்தைகள் தோன்றின. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒருவரும் கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்து மிளகை வாங்கவும் விற்கவும் முடிந்தது. இடுக்கி, வயநாடு ஆகிய மலைப்பகுதிகளில் மிளகு பயிரிடுவோரும் அன்றைய விலையை அன்றே அறிய முடிந்தது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. எனினும் 2012 டிசம்பரில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை, மின்னணுச் சந்தையின் அங்கீகாரம் பெற்ற கொச்சிக் கிடங்குகளில் இருந்த மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகக் கூறி, ஆயிரக்கணக்கான டன் சரக்கிற்கு முத்திரையிட்டது. திரையைப் பார்த்து வாங்கியவர்கள் நாட்டின் பல பகுதிகளிலும் இருந்தனர். தாங்கள் வாங்கிய மிளகை அவர்கள் ஒரு நாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. விற்றவர், கிடங்கு நடத்தியவர், தரச்சான்று அளித்தவர், சந்தையை நடத்தியவர் ஆகியோரில் பொறுப்பு யாருடையது என்ற வழக்கு நெடுநாள் நீடித்தது.

பழைய கூடத்திற்கே திரும்ப வேண்டும் என்பது இதன் பொருளன்று. அக்கூடத்தில் அறிமுகமும் நாணயமும் செய்துவந்த பணியைப் புதிய அமைப்பில் சட்டமும் விதிமுறையும் செய்தாக வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடமாகும்.

கடலடியில் செல்லும் பாதை

மிளகு சென்ற அதே அரபிக்கடலின் அடியில்தான் இன்று செய்திகளும் செல்கின்றன. நாடுகளுக்கிடையே நடைபெறும் தகவல் பரிமாற்றத்தில் மிகப் பெரும்பகுதி செயற்கைக்கோள் வழியாகச் செல்வதில்லை; கடலடியில் இடப்பட்ட ஒளியிழைக் கேபிள்கள் வழியாகவே செல்கிறது. தலைமுடியளவே பருமனுள்ள கண்ணாடி இழைகளில் ஒளித்துடிப்புகளாகச் செய்தி பயணம் செய்கிறது. தொலைவு மிகும்போது ஒளி மங்கிவிடாமல் காக்க, வழியில் ஆங்காங்கே பெருக்கிகள் பொருத்தப்படுகின்றன. 2002இல் பயன்பாட்டிற்கு வந்த ஒரு கேபிள், தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் இணைக்கும் வழியில் கொச்சியில் கரையேறுகிறது. மும்பை, சென்னை, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகியவையும் இத்தகைய கரையேறு நகரங்களாகும்.

கேபிள் ஒரு பகுதி மக்களின் வாழ்வை எவ்வாறு மாற்றும் என்பதற்குக் கொச்சி - இலட்சத்தீவு கேபிள் சிறந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 1,870 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கேபிள் 11 தீவுகளைக் கொச்சியுடன் இணைக்கிறது. 2024 ஜனவரி 3 அன்று இது நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுகள் அனைத்திற்கும் சேர்த்து நொடிக்கு 1.7 கிகாபிட் கொள்ளளவே கிடைத்து வந்தது. கேபிள் வந்தபின் அது 200 கிகாபிட்டாக உயர்ந்தது. தொலை மருத்துவம், கல்வி, வங்கிப் பணி, சுற்றுலா ஆகிய அனைத்திற்கும் இது அடிப்படையாகும்.

ஆனால் கேபிளை எவ்வளவு மிகுதியாக நம்புகிறோமோ, அது அறுபடும்போது ஏற்படும் தீங்கும் அவ்வளவு மிகுதியாகும். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையப் போக்குவரத்து பெரிதும் தடைப்பட்டது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் சேதமுற்றபோதும் நம் நாட்டில் இணைய வேகம் குறைந்தது. கப்பல்களின் நங்கூரமும் மீன்பிடி வலைகளும் கேபிள்களுக்குப் பெரும் பகையாக உள்ளன. கடலடிக் கேபிள்களைக் காக்க நாடுகள் 1884இலேயே பாரிசில் உடன்படிக்கை செய்துகொண்டன. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையும் இதுபற்றி விதிகள் வகுத்துள்ளது. எனினும் நடுக்கடலில் கேபிளை அறுத்த கப்பலின் மீது நடவடிக்கை எடுப்பது, பெரும்பாலும் அக்கப்பல் எந்நாட்டுக் கொடியின்கீழ் இயங்குகிறதோ அந்நாட்டின் கையிலேயே உள்ளது. நம் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஜூனில் அளித்த பரிந்துரைகளில், பழுது நீக்கும் கப்பல்களுக்கு வெளிநாட்டு நிறுவனங்களைச் சார்ந்திருக்கும் நிலையைச் சுட்டிக்காட்டி, இதற்கென இந்தியக் கப்பல்கள் வேண்டுமென வலியுறுத்தியது குறிப்பிடத்தக்கது.

அணுகும் உரிமை

கேபிள் கரையேறிவிட்டால் மட்டும் இணைப்பு எல்லோர்க்கும் கிட்டிவிடுவதில்லை. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் மகளிர் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைபேசி பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தது. அதை ஏற்க மறுத்த மாணவி ஒருவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2019 செப்டம்பர் 19 அன்று கொச்சியில் உள்ள கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையத்தை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியதே என்று நீதிபதி பி.வி. ஆஷா கூறினார். மாணவியை மீண்டும் விடுதியில் சேர்த்துக்கொள்ளுமாறும் ஆணையிட்டார்.

இதனையடுத்து 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியாகக் கருத்துரைப்பதும் தொழில் செய்வதும் அரசியலமைப்பின் பாதுகாப்புப் பெற்றவை என்றும், காலவரையின்றி இணையத்தை முடக்குவது ஏற்கத்தக்கதன்று என்றும் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிமன்றம் மற்றொரு படி முன்னே சென்றது. வங்கிக் கணக்கு தொடங்குவதற்கும் கைபேசி இணைப்பு பெறுவதற்கும் ஒளிப்படக் கருவியின் முன் கண்ணிமைத்துக் காட்ட வேண்டும் என்ற நடைமுறை, அமில வீச்சால் முகம் சிதைந்தோரையும் பார்வையிழந்தோரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. அவர்களுக்கு மாற்று வழிகள் அமைத்துத் தருமாறு நீதிமன்றம் கட்டளைகள் பிறப்பித்தது. கருவியை வடிவமைப்பவர் யாரை நினைவில் கொள்ள மறந்தாரோ, அவரே உரிமையை இழக்கிறார் என்பதை இவ்வழக்கு தெளிவாக்கிற்று.

அணுகும் உரிமையைச் செயல்படுத்தும் முயற்சியில் கேரள மாநிலம் முன்னோடியாக விளங்குகிறது. குடும்பத்தில் ஒருவருக்கேனும் கணிப்பொறி அறிவு ஊட்டும் நோக்குடன் 2002இல் மலப்புறம் மாவட்டத்தில் அட்சயா திட்டம் தொடங்கப்பெற்றது. மாநில அரசின் சொந்த ஒளியிழை வலையமைப்பு 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. வீடு வீடாகக் கணக்கெடுத்து, கைபேசியையும் இணையத்தையும் பயன்படுத்த அறியாத ஏறத்தாழ 21.88 லட்சம் பேரைக் கண்டறிந்து பயிற்சியளித்தபின், 2025 ஆகஸ்டு 21 அன்று முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது.

பறிபோகும் பணம்

புதிதாக இணையத்திற்கு வந்த முதியவர் ஒருவர் தம் ஓய்வூதியத்தைக் கைபேசியில் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். அதே கைபேசியில், தம்மைக் காவல் அதிகாரி என்று கூறிக்கொள்ளும் ஒருவர் அழைத்து, ‘நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்’ என்று மிரட்டிப் பணத்தைப் பறிக்கிறார். நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்ற ஒன்று இல்லவே இல்லை. ஆயினும் படித்தவர்களும் இதில் ஏமாந்துள்ளனர். இக்கொடுமையின் பரப்பைக் கண்ட உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, 2025 டிசம்பர் 1 அன்று இத்தகைய குற்றங்களை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்குமாறு பணித்தது.

தம் தவறு ஏதுமின்றிப் பணம் இழந்தவரின் நிலை என்ன? 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கில், வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கிலிருந்து வெளிநாட்டில் உள்ள தானியங்கிப் பண இயந்திரங்கள் வழியாகப் பணம் எடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் குறுஞ்செய்தி அனுப்பினோம், அவர் உடனே தடுத்திருக்க வேண்டும் என்று வங்கி வாதிட்டது. குறுஞ்செய்திகளை இடையறாது பார்த்துக்கொண்டிருக்கும் கடமை வாடிக்கையாளருக்கு இல்லை என்றும், பாதுகாப்பான மின்னணு அமைப்பை ஏற்படுத்துவது வங்கியின் கடமை என்றும் நீதிமன்றம் கூறியது.

இதற்கு முன்னரே, 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாது வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் பறிபோனால், மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்த வாடிக்கையாளருக்கு இழப்பு ஏதும் இல்லை என்று வகுத்தது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளர் பொறுப்பு ஒரு வரம்பிற்கு உட்பட்டது. மெய்ப்பிக்கும் சுமையையும் வங்கியின் மீதே அச்சுற்றறிக்கை வைத்தது. ஆனால் மிரட்டலுக்கும் ஏமாற்றுக்கும் ஆட்பட்டு வாடிக்கையாளர் தாமே இரகசிய எண்ணைக் கூறிவிட்டால், அவர் வங்கிக்கு அறிவிக்கும் வரை நேர்ந்த இழப்பை அவரே சுமக்க வேண்டும் என்றும் அது கூறியது. இன்றைய மோசடிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. முதியவரின் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரே பகலில் முன்பின் தொடர்பற்ற கணக்குகளுக்குச் செல்லும்போது, அதைக் கண்டு நிறுத்தும் ஆற்றல் முதியவரிடம் இல்லை. அது வங்கியின் கணிப்பொறியிடமே உள்ளது. ஆற்றல் உள்ள இடத்திலேயே பொறுப்பையும் வைப்பது முறையாகும்.

பேச்சும் சான்றும்

இணையத்தில் நடைபெறும் தீங்குகளைத் தடுக்க 2000 அக்டோபர் 17 முதல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இணையத்தில் ஒரு பெண்ணை இழிவுபடுத்திய வழக்கொன்றில் 2004 நவம்பர் 5 அன்று சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது, இச்சட்டம் செயல்பட்டதற்குத் தொடக்ககாலச் சான்றாகும். ஆனால் தீங்கைத் தடுக்கும் சட்டம் எல்லையற்றதாகவும் இருத்தல் ஆகாது. பிறர்க்கு எரிச்சலூட்டும் செய்தியை அனுப்புவதையும் குற்றமாக்கிய 66அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. அத்துடன் கேரளக் காவல்துறைச் சட்டத்தின் 118(ஈ) பிரிவையும் நீக்கியது. 2020 நவம்பரில் 118அ என்ற புதிய பிரிவை மாநில அரசு அவசரச் சட்டத்தின் வாயிலாகக் கொணர்ந்தபோது பரவலாக எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அவதூறும் ஆபாசமும் தடுக்கப்பட வேண்டியவையே. ஆனால் எது குற்றம் என்று முன்கூட்டியே அறிய இயலாத சட்டம் குடிமக்களைக் காப்பதற்கு மாறாக அஞ்சச் செய்கிறது.

குற்றத்தை மெய்ப்பிப்பதிலும் புதிய சிக்கல் உண்டு. காகிதத்தில் திருத்தம் செய்தால் தடம் தெரியும்; குறுந்தகட்டிலோ கைபேசியிலோ உள்ள பதிவைத் திருத்தினால் கண்ணுக்குத் தெரியாது. கேரளச் சட்டமன்றத் தேர்தல் வழக்கொன்றில் குறுந்தகடுகள் சான்றாக முன்வைக்கப்பட்டபோது, உரிய சான்றிதழின்றி மின்னணுப் பதிவின் நகலை ஏற்க முடியாது என்று 2014 செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவும் இக்கோட்பாட்டைத் தொடர்கிறது. பதிவு திருத்தப்படவில்லை என்பதைக் காட்டும் கணக்கீட்டு எண்ணையும் இப்போது சான்றிதழில் குறிப்பிட வேண்டும். பதிவில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

தன்விவரங்களின் காவல்

பணம் பறிபோனால் உடனே தெரிகிறது. தன்னைப் பற்றிய விவரம் பறிபோனால் தெரிவதேயில்லை. 2020இல் கொரோனா நோய்த்தொற்றின்போது கேரள மக்களின் உடல்நல விவரங்களைத் தொகுக்க ஒரு வெளிநாட்டு மென்பொருள் நிறுவனத்தின் உதவி பெறப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கில் 2020 ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. விவரத்திற்குரியவர் யார் என்று அறிய இயலாதவாறு அடையாளங்களை நீக்கிய பின்னரே அவற்றை நிறுவனத்திற்கு அளிக்க வேண்டும் என்றும், மக்களிடம் தெளிவுபடக் கூறி ஒப்புதல் பெற வேண்டும் என்றும் அது பணித்தது. நோயைத் தடுக்கும் பணியையும் நிறுத்தாமல், மக்களின் உரிமையையும் விட்டுக்கொடுக்காமல் வழங்கப்பட்ட ஆணை அது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். அதன் விளைவாக டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. நிறுவனங்களின் முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க இச்சட்டம் வழி செய்கிறது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தண்டத்தொகை அரசின் தொகுப்பு நிதியைச் சேரும்; பாதிக்கப்பட்டவரைச் சேராது. கவனக்குறைவால் விவரங்களைக் கசியவிட்ட நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று கூறும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43அ பிரிவை நீக்கவும் புதிய சட்டத்தில் இடம் உள்ளது. அந்நீக்கமும் அதே 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு அமைந்துள்ளது. தவறு செய்தவர் தண்டிக்கப்படுவது ஒன்று. இழந்தவர் ஈடு பெறுவது மற்றொன்று. முன்னது இருப்பதால் பின்னது தேவையில்லை என்று ஆகிவிடாது.

செய்ய வேண்டியவை

இவற்றிலிருந்து சில கடமைகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, தரவு கசிவால் தீங்குற்றோர் நெடிய வழக்கின்றி இழப்பீடு பெற எளிய வழி ஒன்று அமைதல் வேண்டும். இரண்டாவதாக, வழக்கத்திற்கு மாறான பெருந்தொகைப் பரிமாற்றங்களைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து உறுதி செய்துகொள்ளும் பொறுப்பை வங்கிகள் ஏற்க வேண்டும். மூன்றாவதாக, கேபிள்கள் கரையேறும் துறைமுக நகரங்களில் மாற்றுப் பாதைகளும் பழுது நீக்கும் வசதிகளும் பெருக வேண்டும். நான்காவதாக, கணிப்பொறிக் கல்வி கருவியை இயக்கக் கற்பிப்பதோடு நின்றுவிடாது, ஏமாற்றை அடையாளம் காணவும், பணம் இழந்த உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவும் கற்பிக்க வேண்டும். அவ்வழைப்பு விரைவாகச் சென்றால், பணம் மேலும் பல கணக்குகளுக்குக் கைமாறுமுன் அதனை முடக்கி வைக்க இயலும்.

எச்சரிக்கையாக இருக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்துவது நல்லதே. ஆனால் எச்சரிக்கை முழுவதையும் எளியவர் மீதே சுமத்திவிட்டு, இலாபத்தையும் ஆற்றலையும் பிறர் வைத்துக்கொள்வது நேர்மையாகாது. திருப்பூணித்துறை நிலையத்தில் கைபேசியை நீட்டி இரயிலேறும் பயணி, பாலத்தின் வலிமையைத் தாமே சோதித்துவிட்டு ஏறுவதில்லை. அதைச் சோதிக்கப் பொறியாளரும், சட்டமும், பொறுப்பேற்கும் நிறுவனமும் உண்டு என்ற நம்பிக்கையோடு ஏறுகிறார். அவர் கைபேசியில் செலுத்தும் கட்டணத்தைப் பற்றியும் அதே நம்பிக்கை அவருக்கு ஏற்பட வேண்டும். அந்நாளே நம் நாடு உண்மையில் இணைக்கப்பட்ட நாளாகும்.